கையெழுத்துக்கு விட்ட இடம்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் என் தம்பி பெஞ்சமினுக்குரிய பக்கங்களில் வரிசையாக இருபத்திரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. இருபத்து மூன்றாவது கையெழுத்துக்காக விட்ட இடம் காலியாக இருக்கிறது. காரணம் தெரிந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

பதிவேடு தொடங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே பிறர் நிலத்தில் கூலி வேலை செய்து, பிற்பாடு கல்பாக்கம் குடியிருப்பில் ஒப்பந்தத் தோட்டக்காரராக இருந்து, 2001ஆம் ஆண்டு இறந்தார். கல்லறைப் பலகையில் பொறிக்க அவருடைய பிறந்த தேதி தேவைப்பட்டது. எங்கும் கிடைக்கவில்லை. அவருடைய தலைமுறைக்கு யாரும் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. இனி இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்று கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்றை வாங்கினேன். பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் எனக்கு வேலை. ஆதாரம் இல்லாமல் எதையும் எழுதுவதில்லை, எழுதியதை அடிப்பதில்லை, தாளைக் கிழிப்பதில்லை என்ற அலுவலக விதிகளை வீட்டு நோட்டுக்கும் வைத்துக்கொண்டேன்.

ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி ஆராதனை முடிந்ததும் எல்லோரும் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு காரியங்கள் நடக்கும். முதலாவது, வாக்குத்தத்த அட்டை. கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்றை எடுத்து, அந்த ஆண்டுக்கெனத் தமக்கு வந்த வசனத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இரண்டாவது, பதிவேடு. போன ஆண்டைப் பற்றி ஒவ்வொருவர் பக்கத்திலும் நான் எழுதியிருப்பதை அவரவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

பெஞ்சமின் தன் அட்டையை ஒரு தடவையும் படித்ததில்லை. எடுத்த கையோடு என்னிடம் நீட்டுவான்.

"அக்கா, நீயே படி."

"இன்னா மச்சான், ஆண்டவரு உனக்குக் குடுத்தத உங்க அக்கா வாயாலதான் கேப்பியா?" என்று என் கணவர் வரதன் சீண்டுவார்.

"அக்கா வாயால கேட்டாத்தான் மாமா பலிக்கும்."

பதிவேட்டை நீட்டினால், கண் ஓட்டாமலே கையெழுத்துப் போடுவான். "படிச்சிட்டுப் போடு" என்பேன். "அக்கா எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்பான். என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என் இடுப்பில் வளர்ந்தவன். அந்தச் சொல்லை அவன் எனக்குச் செய்யும் மரியாதை என்று இருபத்திரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது அவன் தொழில். கீழே நின்று அண்ணாந்து பார்த்தே எத்தனை கழி, எத்தனை முடிச்சு என்று சொல்லிவிடுவான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய சிறு வீட்டில் மனைவி மேரியோடும் மகள் பிரதீபாவோடும் குடியிருந்தான். ஊரில் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் அவனுக்கு மனப்பாடம். போதகரின் பிரசங்கத்தை ஒரு முறை கேட்டால் ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லுவான். இப்படிப்பட்டவனைப் பற்றி எவருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வரவில்லை.

2023 பிப்ரவரியில், சென்னையிலிருந்த ஓர் ஆள் அனுப்பும் ஏஜெண்ட் அலுவலகம் மூலமாக வளைகுடாவுக்குப் போனான். துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த பார்ஜ் ஒன்றில் வேலை. எஞ்சின் இல்லாத, தட்டையான, பெரிய இரும்புப் படகு அது. எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அக்டோபரில் நிறுவனம் கைவிரித்துவிட்டது என்றார்கள். நவம்பரில் கூட இருந்த ஒன்பது பேரும் ஊர் திரும்பினார்கள். பெஞ்சமின் வரவில்லை. நெல்லூர்க்காரரான சீனு என்பவரும் அவனும் மட்டும் படகிலேயே தங்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

நான் அந்த ஏஜெண்ட் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு தாளின் படத்தைத் தொலைபேசிக்கு அனுப்பினார்கள். மேலே ஆங்கிலம், கீழே அதே வாசகம் தமிழில்: படகின் காவலுக்காகப் பத்து மாத காலம் என் சொந்த விருப்பத்துடன் தங்க ஒப்புக்கொள்கிறேன், இதைப் படித்துப் புரிந்துகொண்டு கையொப்பமிடுகிறேன். தேதி, அக்டோபர் 19. அதற்குக் கீழே பெஞ்சமின்.

பதிவேட்டைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டேன். 'பெ' எழுத்தின் கொம்பு வளைவும், கடைசிப் புள்ளியைச் சிறு வட்டமாகப் போடும் பழக்கமும் அப்படியே இருந்தன. அடுத்த ஞாயிறு ஒரு நிமிடம் பேச இணைப்புக் கிடைத்தது.

"ஏண்டா கையெழுத்துப் போட்ட? யாராவது மெரட்னாங்களா?"

காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"இல்லக்கா. போட்டுட்டேன்."

"உன் விருப்பமாவா?"

இணைப்பு அறுந்துவிட்டது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? 2024 ஜனவரி முதல் தேதி, அவனுடைய பக்கத்தில் எழுதியதை எல்லோர் முன்னிலையிலும் படித்தேன்: "பெஞ்சமின் தன் சொந்த விருப்பத்துடன், மனைவியையும் மகளையும் விட்டு, வெளிநாட்டில் தங்கிவிட்டான். ஆதாரம் உண்டு."

பிரதீபா அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேரிதான் எழுந்து என் அருகில் வந்தாள்.

"அண்ணி, அத எழுதாதீங்க."

"எழுதிட்டேன். தப்புன்னா எது தப்புன்னு சொல்லு."

"எழுதாதீங்க அண்ணி. அவ்ளோதான்."

"அவனுக்கு அங்க யாராவது கீறாங்களா? உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதை மறைப்பதற்கில்லை. பிரதீபாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேரி மகளின் கையைப் பிடித்து எழுப்பி, சாப்பிடாமலே வெளியேறிவிட்டாள். அதன் பிறகு நான்கு மாதம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. செங்கல்பட்டில் செவிலியர் படிப்புப் படிக்கும் பிரதீபா, மதிய நேரத்தில் மின்சார ரயில் பிடித்து என் அலுவலக வாசலுக்கு வந்து நின்றாள்.

"அத்தே, அப்பாவுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சா?"

"இன்னாடி சொல்ற?"

"அம்மா போன்ல இருந்து எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது. நீயே கேளு."

குரல் பதிவு ஒன்றை ஓட்டினாள். முதலில் இரும்பில் அலை மோதும் சத்தம். பிறகு என் தம்பியின் குரல். நாற்பத்து மூன்று வயது ஆணின் கனத்த குரல்.

"எ... ரு... மை. எருமை. கு... டை... குடை. பி... டி... பிடித்... தது. எருமை குடை பிடித்தது. ம... ழை..."

பின்னால் இன்னொருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எருமைக்கு கொடையா நைனா? நல்லா பாத்து படி!"

"படத்துல குடைதான்யா கீது. சும்மா இரு, எண்ணம் கலையுது. ம... ழை... மழை. பெ... பெய்..."

நான்கு நிமிடப் பதிவு அது. மொத்தம் பதினொரு பதிவுகள் இருந்தன. ஒன்றில், கோழி ஒன்று தன் குஞ்சுகளை எண்ணியது. ஐந்து என்ற சொல்லில் சிக்கி ஆறு முறை திரும்ப வந்தான். தனிமையில் மூளை கலங்கிவிட்டது, குழந்தையாகிவிட்டான் என்றே நினைத்தேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பிரதீபாவையும் அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் பேருந்து ஏறினேன்.

மேரி விடுதியொன்றின் சலவைப் பிரிவில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். மகளின் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர யாரையாவது கேக்கணும் மேரி. ஒண்ணாங்கிளாசுப் பையன் மாதிரி எழுத்துக் கூட்டிகினு கீறான்."

"அவருக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. இப்பதான் படிக்கக் கத்துக்கினு வர்றாரு."

எனக்குப் புரியவில்லை. "இன்னா படிக்க?"

"படிக்க. எழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியாது அண்ணி."

பிரதீபா சிரித்தாள். அது சிரிப்பாக வெளியே வந்து பாதியில் நின்றுவிட்டது. "அப்பாவுக்கா? அப்பா பத்தாவது வரைக்கும் படிச்சிருக்காரு. அத்தே நோட்டுல கீது."

"கீது. உங்க அத்தே எழுதுனது. அவரு எழுதுனது இல்ல."

திருமணமான மூன்றாம் மாதம் மேரிக்குத் தெரிந்திருக்கிறது. காய்ச்சலில் கிடந்தவளுக்கு, குடிக்கும் மருந்துக்குப் பதிலாக மேலுக்குத் தேய்க்கும் தைலத்தை ஊற்றிக்கொண்டு வந்து நின்றிருக்கிறான். பள்ளியில் எழுத்துகள் அவன் கண்ணுக்குள் கலைந்து கலைந்து ஓடியிருக்கின்றன. அடிக்குப் பயந்து காதால் கேட்டு ஒப்பித்தே ஆண்டுகளைத் தள்ளியிருக்கிறான். கையெழுத்தை மட்டும் படம் வரைவதைப் போலப் பழகிக்கொண்டான். அன்று மேரியிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறான்.

"'எங்கக்கா ஊருக்கே மனு எழுதிக் குடுக்குது. அது தம்பி தற்குறின்னா அதுக்குத்தான் அவமானம். அதுக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னாரு. இருபத்தியோரு வருசமா வாய மூடிகினு கீறேன். நீங்க அன்னிக்கு அப்படிக் கேட்டப்பகூட மூடிகினுதான் வந்தேன்."

"அப்ப அந்தத் தாளு?"

"ரெண்டு தாளு குடுத்தாங்களாம் அண்ணி. ஒண்ணு ஊருக்குப் போறதுக்கு, ஒண்ணு தங்குறதுக்கு. எது வேணுமோ அதுல போடுன்னாங்களாம். இவரு மேல இருந்தத எடுத்துப் போட்டுட்டாரு."

சவுக்குத் தோப்பில் காற்று இரைந்துகொண்டிருந்தது. எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. எதிரில் யாராவது ஒரு தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்திடும் வழக்கத்தை, ஆண்டுக்கு ஒரு முறை, இருபத்திரண்டு ஆண்டுகள் அவனுக்குப் பழக்கியவள் நான். பிரதீபா தன் தாயின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "ஏம்மா எனக்குச் சொல்லல?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

படகில் நடந்தவற்றை அவனே பிறகு சொன்னான். அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

எல்லோரும் போனபின் ஒரு நாள் சீனு கேட்டிருக்கிறார். "நைனா, நாமளும் போற தாளுல போட்டிருக்கலாமே. நீ ஏன் இதுல போட்ட?" பெஞ்சமின் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்கு உன் எழுத்து தெரியாது, இங்கிலீசும் தெரியாது. நீ போட்ட, படிச்சிட்டுத்தான் போட்டிருப்பேன்னு நானும் அதே மாதிரி தாள எடுத்துப் போட்டேன்" என்றிருக்கிறார். சீனுவுக்கும் ஊரில் மூன்று குழந்தைகள். அன்று முதல் பெஞ்சமினுக்குச் சோறு இறங்கவில்லை. இரும்புத் தளம் பகலெல்லாம் கொதிக்கும். எதிரே நகரம் தெரியும். கார்கள் போவதுகூடத் தெரியும். இறங்க அனுமதி இல்லை. ஞாயிறுதோறும் கடலோடிகளுக்கான ஓர் உதவிச் சங்கத்தின் படகு தண்ணீரும் அரிசியும் கொண்டுவரும். அந்த அரை மணி நேரம் மட்டும் அவர்கள் புண்ணியத்தில் இணைய இணைப்பு.

மார்ச் மாதம் வெங்காய மூட்டையோடு ஓர் அட்டைப்பெட்டியும் வந்தது. அந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறார்களாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மிஞ்சிய படப்புத்தகங்கள், முப்பத்தேழு. யாரோ தமிழர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"அடுப்பு பத்த வெக்க நல்ல காய்தம்" என்று சீனு ஒன்றை எடுத்தார். பெஞ்சமின் பிடுங்கிக்கொண்டான். மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்து, யாருமில்லாதபோது படம் மட்டும் பார்த்தான். பூசணிக்காய் படத்துக்குக் கீழே ஒரே ஒரு சொல். அது பூசணிக்காயாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் முதலெழுத்து 'பூ'. அடுத்த புத்தகத்தில் பூனை, அதே எழுத்து. சாரத்தில் கழி மேல் கழி வைப்பதைப் போல எழுத்தின் மேல் எழுத்தை வைத்துக்கொண்டு போனான். பக்கத்துக்கு நான்கைந்து பெரிய எழுத்துச் சொற்களே இருந்ததால் அவை கலைந்து ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவுசெய்து மேரிக்கு அனுப்பினான். அவள் திருத்தி அனுப்பினாள்.

"அதுல இன்னாடா உனக்கு அவ்ளோ ஆறுதல்?" என்று பின்னாளில் கேட்டேன்.

"கடைசிப் பக்கம்க்கா. எந்தக் கதைய எடுத்தாலும் கடைசிப் பக்கத்துல எல்லாம் வூட்டுக்கு வந்துடுதுங்க. கோழி வந்துடுது, எருமை வந்துடுது, தொலைஞ்ச ஆட்டுக்குட்டி வந்துடுது. ராத்திரி படுக்கறதுக்கு முன்ன ஒரு கடைசிப் பக்கம் பாத்துட்டுப் படுப்பேன். சீனு வந்து, 'நைனா, இன்னிக்கு யாரு வூட்டுக்கு வந்தாங்க?'ன்னு கேப்பான்."

ஆகஸ்டில் பத்து மாதம் முடிந்தது. ஏஜெண்டின் ஆள் படகில் ஏறி ஒரு தாளை நீட்டினான்.

"ஒரே ஒரு கையெழுத்துதான் அண்ணாத்த. போட்டா ஊரு."

பெஞ்சமின் பேனாவை வாங்கவில்லை. தாளை வாங்கித் தளத்தில் உட்கார்ந்து, முழங்கால் மேல் வைத்து, விரலை முதல் எழுத்தின் கீழே வைத்தான்.

"இன்னா இது, பரீட்சையா? வெய்யில்ல நிக்கிறேன்."

"நிக்காத. குந்து. எனக்கு நேரமாகும்."

ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ்ச் சொற்கள் பொடியாக இருந்தன. வியர்வை சொட்டித் தாள் நனைந்தது. பாதி புரியவில்லை. ஐந்தாம் வரியில் ஒரு சொல்லில் விரல் நின்றது. எருமைக் கதையில் அது இருந்தது. குடையைத் தவளைக்குக் கொடுத்தாயே, யாராவது சொன்னார்களா என்று கொக்கு கேட்கும். என் சொந்த விருப்பம் என்று எருமை பதில் சொல்லும். அந்தப் பக்கத்தை அவன் நூறு முறை படித்திருந்தான். எழுத்துக் கூட்டினான். வி, ரு, ப், ப... அடுத்து 'தங்க'. அடுத்து 'ஆறு மாதம்'.

"சீனு, போடாத" என்றான். "இது போற தாளு இல்ல. இருக்கிற தாளு."

ஏஜெண்டின் ஆள் அதட்டியிருக்கிறான், பிறகு கெஞ்சியிருக்கிறான். பெஞ்சமின் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு உதவிச் சங்கத்தாரிடம் கொடுத்து, விரல் வைத்து அந்த வரியைக் காட்டினான். துறைமுக அதிகாரிகள் வரை விஷயம் போனது. செப்டம்பர் 21ஆம் தேதி இருவரும் சென்னையில் இறங்கினார்கள். சீனு நெல்லூர் ரயிலுக்குப் போகும் முன் மேரியின் முன் நின்று, "உன் வூட்டுக்காரரு என்ன மாட்டியும் வுட்டாரு, மீட்டும் வுட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். பெஞ்சமின் கையில் ஒரு பை மட்டும் இருந்தது. அதற்குள் முப்பத்தேழு புத்தகங்கள்.

அவன் திரும்பியதற்கு மகிழ்ந்தேன். ஆனால் மறுநாள் முதல் எனக்குத் தூக்கமில்லை. ஜனவரி வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிடேன்" என்றார் வரதன்.

"கிழிக்கக் கூடாது."

"அப்ப மேல காய்தம் ஒட்டு."

"அதுவும் கூடாது."

"சரி, மச்சான் படிக்கறதுக்குள்ள நோட்ட நான் தொலைச்சிடறேன். தொலைச்சது நான்னு என் பக்கத்துல எழுதிக்கோ."

2025 ஜனவரி முதல் தேதி எல்லோரும் வந்தார்கள். ஓராண்டுக்குப் பின் மேரியும் வந்தாள். வாக்குத்தத்த அட்டை பெஞ்சமினிடம் போனது. வழக்கப்படி என் கை தானாக நீண்டது. அவன் அட்டையைக் கொடுக்கவில்லை. கண்ணருகே கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று படித்தான். முடிக்க மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தும் ஒருவரும் அசையவில்லை.

"மச்சான் வாயாலயும் பலிக்கும் போலகீதே" என்றார் வரதன். சொல்லிவிட்டுப் போய் அடுப்பை அணைத்தார்.

பிறகு பெஞ்சமின் பதிவேட்டை இழுத்துத் தன் பக்கத்தைத் திறந்தான். நான் 2024ஆம் ஆண்டைப் பற்றி எழுதியிருந்த புதிய பதிவுக்கு முன்னால், போன ஜனவரியில் விட்ட காலி இடம் அவன் கண்ணில் பட்டது. விரலை வைத்தான்.

"பெஞ்... சமின். தன். சொந்த. விரு..." அந்தச் சொல்லை மட்டும் கூட்டாமல் படித்தான். "விருப்பத்துடன். ம... னைவி... யையும். ம... கள்..."

நோட்டைப் பிடுங்கிக்கொள்ள நினைத்தேன். கை எழவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படிக்காத பதிவேட்டில் அவன் முதன்முதலாகப் படித்தது, அவனைப் பற்றி நான் எழுதிய பொய்யை. 'ஆதாரம் உண்டு' என்பது வரை ஒரு சொல்லையும் விடாமல் படித்தான். பிரதீபா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கீழ எடம் வுட்டிருக்கியே அக்கா. எனக்கா?"

"ஆமா."

"படிச்சிட்டுத்தானே போடணும்?"

"ஆமாண்டா."

"படிச்சிட்டேன். போட மாட்டேன்."

கோபமில்லாமல், ஏஜெண்டின் ஆளிடம் சொன்னதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கும்படி, அமைதியாகச் சொன்னான். பேனாவை மூடி என் பக்கம் தள்ளினான். தவறான பதிவைத் திருத்தும் விதிப்படி, அதை அடிக்காமல், கீழே தேதியிட்டு எழுதினேன்: "மேற்கண்டது உண்மையன்று. படிக்கத் தெரியாததால் தவறான தாளில் கையெழுத்திட்டான். விசாரிக்காமல் எழுதியது என் பிழை. ரூத்." எழுதி முடித்து அவனிடம் திருப்பினேன். அதையும் படித்தான். தலையசைத்தான். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்றான்.

"சாப்பிட வாடா" என்றேன்.

"நீங்க குந்துங்க. அக்கா, இத்தினி வருசமா நீ இன்னாலாம் எழுதி வெச்சி எங்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கன்னு பாத்துட்டு வரேன்."

2002க்குப் புரட்டி விரலை வைத்தான். இலை போட்டு, சோறு வைத்து, நாங்கள் காத்திருந்தோம். நான் எட்டிப் பார்த்தபோது அவன் மூன்றாம் பதிவில் இருந்தான். இன்னும் பத்தொன்பது இருந்தன. அவற்றில் எந்த இடத்தில் அவன் விரல் நிற்கும் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.